பொருள்: ‘பிளான்ட் பட்டர்’ தமிழில்? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

ம., மதுரை
அன்பர்களே, மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். சோப்பு, லிப் பாம், வெடித்த குதிகாலுக்கான கிரீம் என்று எல்லாச் செய்முறையிலும் எண்ணெய், பட்டர், மெழுகு மூன்றுக்கும் தனித்தனி அளவு. ஷியா (ஆப்பிரிக்க மரம் ஒன்றின் கொட்டை), கோகோ, கோகம் (புளிப்புப் பழம் ஒன்றின் விதை), மாங்கொட்டைப் பருப்பு இவற்றிலிருந்து எடுக்கும் கெட்டிக் கொழுப்பான பட்டருக்கு ‘தாவர வெண்ணெய்’ என்று போட்டேன். மெய்ப்பு பார்த்தவர் ஓரத்தில் “தோசையில் தடவலாமா?” என்று எழுதி அனுப்பியிருக்கிறார்.

சு., கோவை
வெண்ணெய் பொருந்தாது. பால் வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். ஷியாவில் தண்ணீரே கிடையாது. அதனால்தான் அது நாளாகிக் காறிப்போகுமே தவிர எளிதில் பூஞ்சை பிடிப்பதில்லை. நீர் நீங்கிய கொழுப்புக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: நெய். ‘தாவர நெய்’ என்று போடுங்கள்.

ப., சென்னை
தாவர நெய் என்றால் என் அம்மாவுக்கு டால்டா. குதிகாலில் டால்டா தடவச் சொல்லப் போகிறீர்களா?

தி., தஞ்சாவூர்
அம்மையீர், வெண்மை + நெய் = வெண்ணெய். கோகோவின் கொழுப்போ வெளிர்மஞ்சள். வெண்மைக்கு அங்கே என்ன வேலை? ‘உறைநெய்’ என்க. வினைத்தொகை. உறைந்த நெய், உறைகின்ற நெய், உறையும் நெய் என முக்காலமும் அடங்கும். உள்ளங்கைச் சூட்டில் இளகி, ஆறினால் மறுபடி இறுகும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தொகை அமையாது. ‘விழுது’ என்ற சொல்லுக்கும் வெண்ணெய் என்றொரு பொருள் உண்டு.

ப., சென்னை
ஐயா, விழுது என்றால் இஞ்சி பூண்டு. உறை என்றால் தயிருக்கு ஊற்றுவது. ஊட்டியில் தேங்காய் எண்ணெய்கூட உறையும். நிறம் பார்த்துத்தான் பேர் வைப்பதென்றால், எள்ளே இல்லாத தேங்காய்க்கு எள் + நெய் எப்படி வந்தது? அதை நாம் அன்றாடம் சொல்கிறோமே!

க., யாழ்ப்பாணம்
ஒருத்தரும் இலுப்பையை நினைக்கேல்லையே? ஷியாவும் இலுப்பையும் ஒரே குடும்பம், சப்போட்டாவும் அதுக்குள்ளதான். இலுப்பெண்ணெயும் குளிருக்கு இறுகிப்போகும். வணிகத்தில ‘இல்லிப்பே பட்டர்’ எண்டு விக்கிறதுக்கு எங்கட இலுப்பைதான் பேர் குடுத்தது. இப்ப அந்தப் பேரில வாறது பெரும்பாலும் போர்னியோக் காட்டுத் தெங்காவாங் மரத்தின்ர கொழுப்பு. பேர் எங்கட, மரம் அவையின்ர! கையேட்டில இலுப்பையையும் சேருங்கோ. பிண்ணாக்கை அரப்பு எண்டு தலைக்கு வைச்சு முழுகின சனம் நாங்கள்.

வே., ஈரோடு
அரப்பு என்பது உசிலை மரத்தின் இலைப்பொடி. பிண்ணாக்கு அல்ல.

க., யாழ்ப்பாணம்
உங்கட ஊரில அப்பிடி இருக்கலாம்.

(அரப்பு பற்றிய மறுமொழிகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன் — மட்டுறுத்துநர்)

ம., மதுரை
இலுப்பையைப் பெட்டிச்செய்தியாகச் சேர்க்கிறேன், க. அண்ணா. ஆனால் என் சிக்கல் தீரவில்லை. இந்தப் பெண்கள் தராசு முன்னால் நிற்பார்கள். எண்ணெயை ஊற்ற வேண்டும், இதைக் கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும், மெழுகைச் சீவ வேண்டும். ‘நெய்’ என்று போட்டால் எண்ணெய்ப் புட்டியை எடுக்கிறவர்களும் இருப்பார்கள், அடுப்படி நெய்யை எடுக்கிறவர்களும் இருப்பார்கள். ஷியாவை உருக்கி மெதுவாக ஆறவிட்டால் மணல் மணலாகத் திரளும், சட்டென்று குளிர வையுங்கள் என்று ஒரு பக்கமே இருக்கிறது. எந்தப் பொருளைச் சொல்கிறேன் என்பதில் அங்கே குழப்பம் வரக்கூடாது.

சு., கோவை
நீரைப் பற்றி நான் சொன்னது சரிதான். ஆனால் ஷியாவின் பழைய தாவரவியல் பெயரான ‘பியூட்டிரோஸ்பெர்மம்’ என்பதற்கே வெண்ணெய் வித்து என்றுதான் பொருள். சோப்பு, கிரீம் உறைகளில் இன்றும் அதைத்தான் அச்சிடுகிறார்கள். பெயர் வைத்தவர்களும் தண்ணீரைக் கணக்கில் எடுக்கவில்லை. போகட்டும்.

ப., சென்னை
முதல்முறை ‘தாவர வெண்ணெய் (பட்டர்)’. பிறகு ஷியா வெண்ணெய், கோகம் வெண்ணெய். முதல் பக்கத்தில் ‘உண்பதற்கு அல்ல’ என்று கட்டம் கட்டிவிடுங்கள். அவகாடோவுக்கு மட்டும் வெண்ணெய்ப்பழ வெண்ணெய் என்று எழுதிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

வே., ஈரோடு
எனக்கும் சம்மதம். ‘பட்டர்’ என்றே விட்டாலும் சம்மதம்.

ம., மதுரை
நான்கு பேர் வெண்ணெய்க்கு. அச்சகத்துக்கு அனுப்புகிறேன். நன்றி.

தி., தஞ்சாவூர்
ஐந்தாவது ஆள் நான். உடன்பாடில்லை. வெண்ணெய் வெண்ணெயாகவே இருக்கட்டும், இது உறைநெய். அடுத்த பதிப்பு எப்போது?