மேக் (make) பாதியில் நிற்கிறது, எரர் 2: அவசர உதவி

நள்ளிரவு_பைட்
இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளை அதன் சோர்ஸ் கோடிலிருந்து, மேக் கருவியை வைத்துக் கம்பைல் செய்கிறேன். பாதி வரை நன்றாகப் போய் "எரர் 2" என்று நின்றுவிடுகிறது. மேக் கிளீன் கொடுத்து, அதுவரை முடிந்ததை அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டினாலும் அதே கதைதான். ராத்திரிக்குள் முடிக்க வேண்டும். யாராவது பாருங்களேன்.

தறி
எந்த ஓஎஸ்? இங்க்ஸ்கேப் என்ன வெர்ஷன்? எரர் 2 என்பது உள்ளே ஏதோ ஒரு வேலை ஃபெயிலானதாக மேக் கடைசியில் சொல்வது, அவ்வளவுதான். உண்மையான எரர் அதற்கு மேலே எங்கேயோ கிடக்கும். லாக்கைப் போடுங்கள்.

சரவெடி
டெவ் பேக்கேஜ் விட்டுப்போயிருக்கும். ஜன்னல், பட்டன்களைக் காட்டும் ஜிடிகேஎம்எம் லைப்ரரி மட்டும் இருந்தால் போதாது, கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் ஃபைல்கள் தனி டெவ் பேக்கேஜில் வரும். எனக்கு எப்போதும் இதுதான் பிரச்சினை.

மூத்த_பெங்குவின்
ரீட்மீ படிக்கும் பழக்கமே ஒழிந்துவிட்டது. கிட் குளோன் செய்யும்போது சப்மாட்யூல்களையும் (உள்ளே இணைத்திருக்கும் மற்ற ரெப்போக்கள்) சேர்த்து எடுத்தீர்களா? எடுத்திருக்க மாட்டீர்கள்.

தறி
ஹெடரோ சப்மாட்யூலோ இல்லையென்றால் மேக்குக்கு முன்னால் தேவையானதெல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும் சீமேக் கட்டத்திலேயே முட்டியிருக்கும் ஐயா. இவருக்குப் பாதி கம்பைல் ஆகிவிட்டது.

நள்ளிரவு_பைட்
உபுண்டு 22.04. இங்க்ஸ்கேப் 1.3. சப்மாட்யூல் எல்லாம் இருக்கிறது. லாக்கில் இப்படி ஒரு வரி:
"ஜி++: ஃபேட்டல் எரர்: கில்ட் சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்"

குறுக்குசால்
எதற்கு இந்தத் தலைவலி? ரெடிமேடாகக் கிடைக்கும் ஃபிளாட்பேக் பேக்கேஜில் ஒரே கமாண்ட், முடிந்தது.

மூத்த_பெங்குவின்
ஒரு சின்ன மென்பொருளுக்குக்கூட அது ஓடத் தேவையான லைப்ரரிகள் அடங்கிய ரன்டைம் முழுவதையும் இறக்குவது உங்களுக்குச் சரி என்றால் தாராளமாக.

குறுக்குசால்
சுடோ (அட்மின் உரிமை) போட்டு மேக் இன்ஸ்டால் கொடுத்து, சிஸ்டத்தின் யுஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டரில் கொட்டிவிட்டு, அப்புறம் ஃபைல் ஃபைலாகத் தேடி அழிப்பதைவிட மேல்.

மூத்த_பெங்குவின்
பில்டு ஃபோல்டரில் இன்ஸ்டால் மேனிஃபெஸ்ட் என்று ஒரு ஃபைல் இருக்கும். எதை எங்கே போட்டது என்று சீமேக்கே அதில் எழுதி வைக்கிறது. திறந்து பார்த்தால்தானே.

தறி
உங்கள் பஞ்சாயத்தை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.
பைட், "கில்ட்" என்பதுதான் விஷயம். கோடில் தப்பு என்றால் ஃபைல் பெயர், வரி எண்ணோடு வரும். இங்கே கம்பைலரையே (சிசி1பிளஸ்) யாரோ கொன்றிருக்கிறார்கள், பெரும்பாலும் ஓஎஸ்ஸின் மையமான கெர்னல், ரேம் தீர்ந்ததால். கெர்னல் லாக்கைக் காட்டும் டிமெஸ்ஜி கமாண்ட் அடித்து "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடுங்கள். ரேம் எவ்வளவு? மேக்குக்கு -ஜே (ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று சொல்வது) கொடுத்தீர்களா?

நள்ளிரவு_பைட்
ஆமாம், அவுட் ஆஃப் மெமரி இருக்கிறது. ரேம் 8 ஜிபி. வெறும் -ஜே கொடுத்தேன், எண் இல்லை. வேகமாக முடியும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

சரவெடி
எதற்கும் டெவ் பேக்கேஜையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தறி
எண் இல்லாத -ஜே என்றால் வரம்பே கிடையாது, முடிந்த அத்தனை கம்பைலரையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். டெம்ப்ளேட் நிறைந்த சி++ ஃபைல் ஒன்றே 1 ஜிபி தின்னலாம். -ஜே2 கொடுங்கள். மேக் கிளீன் வேண்டாம், ஏற்கனவே கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் ஃபைல்களை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் தொடரும். அப்படியும் விழுந்தால் ஸ்வாப் ஃபைல் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுக்கும் இடம்) சேர்க்கலாம். மேக்குக்குப் பதில் நிஞ்சா கருவிக்கு மாறினாலும் இதையே பாருங்கள்: அது கோர் எண்ணிக்கையைத்தான் பார்க்கும், ரேமைப் பார்க்காது.

நள்ளிரவு_பைட்
-ஜே2வில் 100% போய்விட்டது. நன்றி.

குறுக்குசால்
இன்ஸ்டால் கொடுக்கும் முன் சீமேக்கைத் திரும்ப ஓட்டி, ப்ரிஃபிக்ஸை (இன்ஸ்டால் ஆகும் இடம்) ஹோம் ஃபோல்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சுடோவே தேவைப்படாது.

மூத்த_பெங்குவின்
அப்புறம் பாத்தை (கமாண்டைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) யார் மாற்றுவது, நீங்களா?