சாயவேரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்: கடலூர் அன்பர்களிடம் ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். துணிக்குச் சிவப்பேற்ற நம் கடற்கரையில் ஒரு காலத்தில் பயன்பட்ட சாயவேர், அதாவது இம்பூறல் வேர், ஆங்கிலத்தில் ‘சே ரூட்’ என்று வழங்குகிறது. யூல், பர்னெல் ஆகியோர் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இதைச் ‘சோயா, சாயா, சே’ என மூன்று வடிவங்களில் பதிந்திருக்கிறது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் வாங்கிய ஆங்கிலேயர் இங்கிருந்து துணி ஏற்றுமதி செய்தவர்கள் என்பதால், நம் வட்டாரப் பேச்சைக் கேட்டே அவர்கள் இச்சொல்லை எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம். ‘வேர்’ மட்டும் ‘ரூட்’ என்று மாறி, முன்பாதி அப்படியே நின்றுவிட்டதும் அதற்கு இசைவாகவே உள்ளது.

கடுக்காய் நீரில் நனைத்து, படிகாரம் இட்ட துணியை இவ்வேரோடு சேர்த்துக் கொதிக்கவைக்கும் முறையை அறிந்த சாயத்தொழில் குடும்பத்துப் பெரியவர்கள் கடலூர், பரங்கிப்பேட்டை, புதுச்சேரிப் பக்கம் இருந்தால், அவர்கள் வாயில் அது ‘சாயவேர்’ என்றே வருகிறதா, சுருங்கி ஒலிக்கிறதா என்று கேட்டுச் சொல்ல வேண்டுகிறேன். நாட்டுமருந்துக் கடைகளில் இம்பூறல் என்றே கேட்டு வாங்குவதால், அங்கு விசாரிப்பதைவிட இதுவே பயன் தரும். பழைய கணக்கேடுகளில் அச்சொல் இருந்தால், அந்தப் பக்கத்தின் படத்தையும் ஆண்டையும் அன்புகூர்ந்து அனுப்புங்கள்.