பளிச்சீடா, ஒளிவெட்டா? புரளும் செயற்கைக்கோளுக்குச் சொல் தேடிய மடல்கள்

ஆசிரியை, திருநெல்வேலி மாவட்டம்:

குழும நண்பர்களுக்கு வணக்கம். வானில் விட்டு விட்டு ஒளிரும் செயற்கைக்கோள்களையும், எரிபொருள் தீர்ந்து சுற்றுப்பாதையிலேயே தங்கிவிட்ட ராக்கெட் அடுக்குகளையும் வெறுங்கண்ணால் நோக்கி நேரம் குறிப்பது எப்படி என்று, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக நான்கு பக்கக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் அது அச்சகத்துக்குப் போக வேண்டும். சென்ற வாரம் பள்ளி மொட்டைமாடியில் நின்றிருந்தபோது, பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரம் கழித்து, பழைய ராக்கெட் அடுக்கு ஒன்று தலைக்கு மேலே வடக்கு நோக்கிப் போயிற்று. முதல் பளிச்சில் ஸ்டாப்வாட்சை அழுத்திப் பதினோராவது பளிச்சில் நிறுத்தினோம். 83 நொடி வந்தது. பாதிப் பேர் அதை 11ஆல் வகுத்துவிட்டார்கள். பதினொரு பளிச்சுக்கு நடுவே பத்து இடைவெளிதான் என்று மாடிக் கைப்பிடிக் கம்பிகளைத் தொட்டு எண்ணிக் காட்டிய பிறகே 8.3 நொடி என்ற விடை எல்லோருக்கும் கிடைத்தது.

எனக்கு வேண்டிய சொற்கள் மூன்று. அடுக்கு நிலைகொள்ளாமல் உருண்டு போவதை டம்ப்ளிங் என்கிறார்கள். கணநேரம் கண்ணில் படும் ஒளியை ஃப்ளாஷ் என்கிறார்கள். இரண்டு ஒளிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை ஃப்ளாஷ் பீரியட் என்கிறார்கள். இப்போதைக்குச் சுழற்சி, மினுக்கம், சுழற்சிக் காலம் என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்:

அம்மா, மனம் ஒப்பாததில் வியப்பில்லை. விண்மீனின் ஒளி காற்றில் நடுங்கித் தெரிவதை மினுக்கம் என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். அதே சொல்லை இதற்கும் வைத்தால் மாணவர் குழம்புவர். மேலும் மினுங்கு என்பது தன்வினை, மினுக்கு என்பது பிறவினை. அடங்கு, அடக்கு என்பவற்றைப் போல. மினுக்கிக்கொண்டு திரிபவர் என்று நாம் யாரைச் சொல்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். தனக்கென்று ஒளியில்லாமல் கதிரவன் ஒளியைத் திருப்பிக் காட்டும் தகரக் கூட்டுக்கு அவ்வளவு பெருமை ஆகாது.

மின் என்னும் வேரிலிருந்து மின்னலும் மின்மினியும் வந்தன; மீனும் அவ்வாறே வந்தது என்பது என் துணிபு. காவிரியில் தண்ணீர் வடியும் நாள்களில் கலங்கலுக்குள் மீன் இருப்பதே தெரியாது. அது ஒருக்களித்துப் புரளும்போது மட்டும் வயிற்றின் வெண்மை ஒரு கணம் தெரிந்து மறையும். அந்த மீனும் தானாக ஒளிர்வதில்லை. ஆகவே டம்ப்ளிங்குக்குப் புரள்வு என்பதே தகும். ஃப்ளாஷுக்கு, மின்னல் வெட்டியது என்று ஊரே சொல்லும் வழக்கை ஒட்டி, ஒளிவெட்டு என்று வையுங்கள்.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், சென்னை:

ஐயாவின் மீனை வணங்கி ஏற்கிறேன். வெட்டை ஏற்க இயலவில்லை. மின்வெட்டு என்ற சொல்லோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒளிவெட்டு என்றால் ஒளி நின்றுபோனது என்றே பொருள்படும். ஒளிவெட்டு நேரம் எத்தனை நொடி என்று வினாத்தாளில் கேட்டால், இருட்டாக இருந்த நேரத்தை அளந்து எழுதுவார்கள். அதைத் தவறென்றும் சொல்ல முடியாது. ஆசிரியை அம்மா தம்மை அறியாமலே பளிச்சு என்று மூன்று முறை எழுதியிருக்கிறார். முதலிடு, முதலீடு ஆவது போலவும், வெளியிடு, வெளியீடு ஆவது போலவும் பளிச்சிடு, பளிச்சீடு ஆகட்டும்.

கும்பகோணம் ஆசிரியர்:

இலக்கணம் இடங்கொடுக்கும்; காது கொடுக்காது. பளிச்சீட்டு இடைவெளி என்று உரக்கப் படித்துப் பாருங்கள். ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு வரிசையில் போய் அமர்ந்துகொள்கிறது. பளிச்சென்பது வெறும் குறிப்புச்சொல். அதன்மேல் கலைச்சொல்லைக் கட்டுவது மணலில் மாடி எழுப்புவதாகும்.

பொறியாளர், பெங்களூரு:

டம்ப்ளிங்குக்குக் கரணம் என்ற சொல் இருக்கும்போது புரள்வு எதற்கு? குட்டிக்கரணம் அறியாத குழந்தை இல்லை. கட்டுப்பாட்டை இழந்த கலத்துக்குக் கரணம் தப்பினால் மரணம் என்ற பழமொழியும் பொருந்தும்.

கும்பகோணம் ஆசிரியர்:

தம்பி, தொல்காப்பியத்தின் கற்பியலில் கரணம் என்பது மணச்சடங்கு. தில்லைக் கோபுரத்தில் கரணம் என்பது நடனநிலை, அதுவும் நூற்றெட்டு. பஞ்சாங்கத்தில் திதி, வாரம், நட்சத்திரம், யோகம் என்பவற்றோடு ஐந்தாவதாக நிற்பது கரணம். வானத்தைப் பற்றிய கையேட்டில் அந்தச் சொல்லைக் கண்டால் வீட்டுப் பெரியவர்கள் நல்ல நேரம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தமிழா வடமொழியா என்ற வழக்கை நான் இன்னும் எடுக்கவே இல்லை.

வான்நோக்கும் ஆர்வலர், யாழ்ப்பாணம்:

வணக்கம். எங்கள் பக்கத்தில் செயற்கைக்கோளைச் செய்மதி என்றும், ஒளி விட்டு விட்டுத் தெரிவதை மினுங்குகிறது என்றும் சொல்லுவோம். மினுங்கல் என்றால் ஐயாவின் தன்வினைச் சிக்கலும் தீரும். ஆனால் சொல் எதுவானாலும், சுழற்சிக் காலம் என்பதை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அது சொற்குற்றம் அன்று, பொருட்குற்றம்.

றொக்கெற் அடுக்கு நீண்ட உருளை வடிவானது. அது தலைகீழாகப் புரளும்போது ஒரு முழுச் சுற்றுக்குள் அதன் பக்கம் இரண்டு முறை நமக்கு ஒளியைத் திருப்புவது வழக்கம். நீங்கள் அளந்த 8.3 நொடி அரைச் சுற்றாக இருக்கலாம். உண்மையான சுற்று 16.6 நொடியாக இருக்கலாம். செய்மதியின் பலகைகளும் தட்டுகளும் இன்னும் கூடுதலான முறை ஒளி காட்டக்கூடும். நம் கண் எண்ணியது ஒளியை, சுற்றை அன்று. பெல்ஜிய நாட்டு ஆர்வலர் குழு பல்லாண்டுகளாகத் திரட்டிவந்த பட்டியலிலும் குறிக்கப்படுவது ஒளிகளுக்கு இடைப்பட்ட நேரமே.

அதுபோலவே, ஒளிர்வதெல்லாம் புரள்வது அன்று. 1986இல் ஜப்பான் ஏவிய அஜிசாய் என்னும் கோள உருவச் செய்மதி 318 கண்ணாடிகளைப் போர்த்திக்கொண்டு, தன் அச்சில் ஒழுங்காகச் சுழன்றபடியே ஒளி வீசுகிறது. (அஜிசாய் என்பது அவர்கள் நாட்டுப் பூவொன்றின் பெயர், ஒரு கலைச்சொல்லுக்காகவும் அவர்கள் சண்டையிட்டதாகத் தெரியவில்லை.) முதல் தலைமுறை இரிடியம் தொலைபேசிச் செய்மதிகளோ இயங்கிய காலத்தில் புரளவே இல்லை, நிலையாக நின்ற அவற்றின் கதவளவுத் தட்டை அன்ரனாக்கள் கதிரவனுக்கும் நமக்கும் நடுவே சரியான கோணத்தில் வந்தபோது, சில நொடிகளில் பொங்கி −8 ஒளித்தரம் வரை எட்டித் தணிந்தன (ஒளித்தர எண் குறையக் குறைய ஒளி கூடும்). ஆகவே ஒளிக்கு ஒரு சொல்லும் புரள்வுக்கு வேறொரு சொல்லும் தேவை. ஒன்றிலிருந்து மற்றதைப் பெறக்கூடாது. 2009இல் ஏவப்பட்ட ஜப்பானிய எச்-2ஏ றொக்கெற்றின் அடுக்கை 2024இல் ஒரு கலம் நெருங்கிப் படமெடுத்தபோது, அது ஏறத்தாழ நிலையாகவே இருந்தது. றொக்கெற் அடுக்கென்றாலே புரளும் என்று பிள்ளைகளுக்கு எழுதிவிடாதீர்கள்.

அளப்பதன் பயனையும் கையேட்டில் ஒரு வரி சேருங்கள். புவியின் காந்தப்புலம் உலோகக் கூட்டில் மின்னோட்டத்தைத் தூண்டி அதன் சுழற்சிக்குக் கடிவாளம் போடுகிறது. இடைவெளி மாதக்கணக்கில் நீண்டுகொண்டே போகும். மிஞ்சிய எரிபொருள் கசிந்தால் திடீரெனக் குறையவும் கூடும். எட்டு தொன் எடையுள்ள என்விசாற் என்னும் ஐரோப்பியச் செய்மதி 2012 ஏப்ரலில் தொடர்பிழந்தது. 2013இல் லேசர் அளவீட்டில் அதன் சுழற்சி ஏறத்தாழ 135 நொடியாக இருந்தது, அதுவும் நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டிருந்தது. அங்கே சுழற்சி என்றே எழுதலாம், ஏனெனில் அங்கே அளந்தது சுழற்சியை.

ஆசிரியை:

யாழ்ப்பாண ஐயாவுக்கு மிகவும் நன்றி. சுழற்சிக் காலம் என்ற சொல்லை மூன்று இடங்களில் அடித்துவிட்டேன். மினுங்கல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் மாணவர்கள் அதை மினுக்கல் என்றே படிக்கிறார்கள், திருத்தினாலும் மறுபடி அப்படியே படிக்கிறார்கள். நேற்று ஒருவனிடம் வானில் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். “விட்டு விட்டு எரியுது டீச்சர்” என்றான். ஃப்ளாஷ் என்ற சொல்லும் அவனுக்குத் தெரியும்; அதை அவன் கைபேசிக் கேமராவுக்கு மட்டும் வைத்திருக்கிறான்.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

அப்படியானால் விட்டொளி?

கும்பகோணம் ஆசிரியர்:

விட்ட ஒளியா, விட்டுவிட்ட ஒளியா, விட்டத்தின் ஒளியா? வட்டத்தின் விட்டம் படிக்கும் வகுப்பு அது.

ஆசிரியை:

வியாழன் இரவு பதினொரு மணி. இதுவரை வந்த மடல்களை எண்ணினேன்: பளிச்சீட்டுக்கு ஐவர், ஒளிவெட்டுக்கு இருவர், மினுங்கலுக்கு இருவர், கரணத்துக்கு அதை முன்மொழிந்தவர் மட்டும். புரள்வு, பளிச்சீடு, பளிச்சிடை நேரம் என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். சீட்டு என்று காதில் விழாமலிருக்கவே கடைசிச் சொல்லில் பளிச்சிடை என்று குறுக்கினேன். இலக்கணம் அறிந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். ராக்கெட் உடல் என்று எழுதியிருந்ததையும் எடுத்துவிட்டேன். உடல் என்றவுடன் பிணவறைச் செய்தி நினைவுக்கு வருகிறது என்று எங்கள் தலைமையாசிரியர் சொன்னார். இப்போதைக்குக் கழிந்த அடுக்கு என்றே இருக்கிறது.

கும்பகோணம் ஆசிரியர்:

பளிச்சிடை என்பது உடுக்கிடை, கொடியிடை வரிசையில் ஓர் அழகியின் இடையைக் குறிக்கும் என்பதை அச்சுக்குப் போகும் முன்னரே சொல்லியிருப்பேன். மடல் வந்த நேரத்தில் உறங்கிவிட்டேன். என் வாக்கு ஒளிவெட்டுக்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். கழிந்த அடுக்கு என்பதும் சுற்றிவளைப்பு. சாறு பிழிந்த கரும்புக்கு என்ன பெயரோ அதுவே இதற்கும் போதும்: சக்கை.

பொறியாளர், பெங்களூரு:

சக்கை என்றால் எங்கள் குமரி மாவட்டத்தில் பலாப்பழம், ஐயா.