புதுப்பிப்பு: அம்மை அரிப்பும் மலைக் குளிரும்

அம்மை (சின்னம்மை, அதாவது சிக்கன்பாக்ஸ்) போட்ட குழந்தைக்கு அரிப்பு அடங்க ஓட்ஸ் தண்ணீரும் காலமைன் லோஷனும் என்று எழுதியிருந்தோம். குன்னூர், கோத்தகிரி பக்கமிருந்து திரும்பத் திரும்ப வந்த கேள்வி: இந்தக் குளிரில் குளிப்பாட்டலாமா?

தாராளமாக. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சடங்கு வேறு, இது வேறு. வெதுவெதுப்புதான் கணக்கு, சூடு ஏறினால் அரிப்பும் ஏறும். சாதா ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரையுங்கள். ஒரு ஸ்பூன் மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் பால் மாதிரி கலங்க வேண்டும்; அடியில் தங்கினால் இன்னும் அரைக்கணும். மெல்லிய துணியில் ஒரு கைப்பிடி கட்டி வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைப் பத்து நிமிஷம் உடம்பில் விடுங்கள். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்கணும். வழுக்கும், கையை விடாதீர்கள்.

பிறகு காலமைன், பாட்டிலை நன்றாகக் குலுக்கி, பஞ்சால். கண், வாய் பக்கம் வேண்டாம். காய்ந்ததன்மேல் மறுபடி மறுபடி பூசினால் தோல் வறண்டு இன்னும் அரிக்கும்.

மலையில் பெரிய வில்லன் ஸ்வெட்டர். கம்பளி நேராக உடம்பில் பட்டால் அரிப்பு. இரண்டு கம்பளி போர்த்தினால் வேர்த்து அதைவிட அரிப்பு. உள்ளே தளர்வான பருத்திச் சட்டை, ராத்திரி கைக்குப் பருத்தி சாக்ஸ், நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும்.

வேப்பிலையால் வருடலாம், அரைத்துப் புண்ணில் அப்ப வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், எடைக்கேற்ற அளவில். ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஐபுப்ரோஃபென் தவிர்க்கணும். தூக்கமே இல்லாத அரிப்பென்றால் அதற்கான சிரப்பை டாக்டர் எழுதட்டும். கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து சூடாக வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, குழந்தை எழுப்ப முடியாமல் சோர்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.