தானே நடித்து இயக்குபவருக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

திரைக்கலைச்சொல் பட்டியலில் முடியாமல் கிடக்கும் ஒரு பதிவைப் பற்றி எழுதுகிறேன். ஒரு நடிகர் பழிவாங்கும் அடிதடிப் படம் ஒன்றைத் தானே இயக்குகிறார், அதில் நாயகனும் அவரே. அவரை என்னவென்று குறிப்பது? அந்த வகைப் படத்துக்கு என்ன பெயர்? இதுவரை ‘நடிகர்-இயக்குநர்’, ‘தன்னியக்குநர்’, ‘இயக்கிநடிகர்’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. (‘இயக்குநரா’, ‘இயக்குனரா’ என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம். இயக்கு + நர் என்ற கணக்கில் நான் முதலாவதையே எழுதுகிறேன்.)

“நடிகர்-இயக்குநர் போதுமே, எல்லாருக்கும் புரிகிறதே” என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். புரிகிறது, உண்மைதான். ஆனால் எது புரிகிறது என்று பாருங்கள். 2017-இல் வந்த ‘ப. பாண்டி’யை இயக்கியவர் தனுஷ். நாயகன் ராஜ்கிரண், தனுஷ் இளவயதுப் பாண்டியாக நினைவுக்காட்சியில் மட்டும் வந்தார். 2024-இல் வந்த ‘ராயன்’ அவர் இயக்கிய இரண்டாவது படம், நடித்த ஐம்பதாவது படம். பழிக்குப் பழி என்று ஓடும் கதை, நாயகனும் அவரே. இரண்டு படத்துக்கும் ‘நடிகர்-இயக்குநர் தனுஷ்’ என்றுதான் எழுதுவோம். படப்பிடிப்புத் தளத்தில் அவர் பார்த்த வேலையோ இரண்டிலும் வேறு வேறு. அந்தச் சொல் ஆளைச் சொல்கிறது, வேலையைச் சொல்வதில்லை. நடிகராக இருந்து இயக்குநர் ஆனவர், தன் படத்தில் ஒரு காட்சிக்குத் தலைகாட்டும் இயக்குநர், படம் முழுக்கத் தன்னையே நாயகனாக வைத்து இயக்குபவர் ஆகிய மூவரையும் ஒரே பெயரில் அடைத்துவிடுகிறது. நமக்கு வேண்டியது மூன்றாமவருக்கு மட்டும் உரிய சொல். அது ஒருவரோடு ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளாமல் படத்துக்குப் படம் பொருந்தவோ விலகவோ செய்ய வேண்டும்.

‘தன்னியக்குநர்’ பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தன்னியக்கம், தானியங்கி எல்லாம் இயந்திரத்துக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. தானாக இயங்கும் இயக்குநர் என்று யாராவது படித்துத் தொலைப்பார்கள்.

‘இயக்கிநடிகர்’ பத்திரிகை நடையிலிருந்து வருகிறது. ‘இயக்கி நடித்துள்ள படம்’ என்று தினமும் படிக்கிறோம். சொற்றொடராக இருக்கும்வரை தொல்லையில்லை. ஒரு சொல்லாக இறுக்கிக் கட்டியதும் ‘இயக்கி’ தனியே தலையைத் தூக்குகிறது. கணினித் தமிழில் அது வன்பொருளை ஓட்டும் மென்பொருள். நாட்டார் வழிபாட்டில் இயக்கி என்றால் இசக்கி, யட்சி. தன்னைக் கொன்றவனைப் பேயாகத் தொடர்ந்து பழிதீர்த்த பழையனூர் நீலியின் கதையை நினைத்தால் பழிவாங்கும் படத்துக்கு இது பொருத்தம்தான் என்பது வேறு விஷயம்!

என் முன்மொழிவு: நடித்தியக்குநர். வினை நடித்தியக்கு, தொழிற்பெயர் நடித்தியக்கம். ‘ராயன் தனுஷ் நடித்தியக்கிய படம்’, ‘நடித்தியக்குநரின் சுமை’, ‘நடித்தியக்கத்தில் துணை இயக்குநரின் பங்கு’ என்று எல்லா வடிவிலும் வருகிறது. ஒரு கலைச்சொல்லுக்கு நான் வைக்கும் முதல் தேர்வு இதுதான். பெயராக மட்டும் நின்றுவிட்டு வினைக்கு ‘செய்தார்’, ‘மேற்கொண்டார்’ என்று ஊன்றுகோல் கேட்கும் சொல் நாளடைவில் புழக்கத்தை விட்டுப் போகிறது. ‘எழுதி இயக்கியவர்’ என்பது படத்தின் டைட்டில் எழுத்துகளிலேயே ஓடிக்கொண்டிருப்பதால் கண்ணுக்கும் இது அந்நியமாகப் படாது.

ஏன் நடிப்பை முன்னால் போட்டேன் என்று கேட்பீர்கள். ‘இயக்கி நடித்தார்’ என்றால் வாக்கியத்தின் பாரம் நடிப்பில் போய் இறங்குகிறது. முற்றுவினை எதுவோ அதுதானே தலைமை வேலை? ‘நடித்து இயக்கினார்’ என்றால் பொறுப்பு இயக்கத்தில் நிற்கிறது. தளத்து நடைமுறையும் அப்படித்தான். ஒரு சண்டைக்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் முகத்தில் போலி ரத்தத்தோடு தரையில் கிடக்கிறார். மூன்று பேர் அவர்மேல் பாய வேண்டும். அடிகளின் வரிசையை அமைத்தவர் சண்டைப் பயிற்சியாளர். ‘ஆக்‌ஷன்’ சொல்வது இணை இயக்குநர். ஷாட் ஓடுகிறது, கட். இப்போது தரையில் கிடந்தவர் எழுந்து மானிட்டருக்கு நடக்கிறார். பதிவானதை ஓட்டிப் பார்க்கிறார். இரண்டாவது ஆள் அரை நொடி முந்திவிட்டார், தன் கண்ணிலும் வலி வரவில்லை. “ஒன் மோர்” என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் பழைய இடத்திலேயே, சட்டையில் மண் ஒட்டியிருந்த அதே பக்கமாகப் படுக்கிறார். வேறு பக்கமாகப் படுத்தால் கன்டினியூட்டி (முந்தைய ஷாட்டோடு உள்ள தொடர்ச்சி) போய்விடும். நடித்துவிட்டுத்தான் இயக்குகிறார். மற்ற இயக்குநர்கள் ஷாட் ஓடும்போதே பார்க்கிறார்கள், இவருக்கு ஷாட் முடிந்த பிறகுதான் கண் கிடைக்கிறது.

இந்தப் பின்னோக்கிப் பார்க்கும் வேலைக்கும் கருவிக்கும் தொடர்பு உண்டு. 1960-இல் ஜெர்ரி லூயிஸ் ‘தி பெல்பாய்’ படத்தை இயக்கி நடித்தபோது ஃபிலிம் கேமராவுடன் வீடியோ கேமராவையும் மானிட்டரையும் சேர்த்துப் பயன்படுத்தினார். தன்னைத் தானே பார்க்க வேண்டிய தேவை அவருக்குத்தான் இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன், 1958-இல், எம்.ஜி.ஆர். ‘நாடோடி மன்னன்’ படத்தை இயக்கி, அதில் இரட்டை வேடமும் ஏற்றார். ஷாட் ஓகேயா இல்லையா என்று கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களின் கண்ணை நம்பித்தான் சொல்லியிருக்க முடியும்.

அடிதடிப் படத்தில் இன்னொரு சிக்கல், உடம்பு. தேவ் படேல் தன் முதல் முழுநீளப் படமாக ‘மங்கி மேன்’ (2024) எடுத்தார், தாயைக் கொன்றவனைத் தேடிப் போகும் மகனின் கதை. படப்பிடிப்பில் அவர் கை எலும்பு முறிந்தது. நாயகனுக்கு அடிபட்டால் டூப்பை வைத்தோ, வேறு காட்சிக்கு மாறியோ வேலையை ஓட்டலாம். நடித்தியக்குநருக்கு அடிபட்டால் அடுத்து என்ன என்று முடிவெடுக்க வேண்டியவரும் வலியோடு உட்கார்ந்திருக்கிறார்.

அப்புறம், இடையில் ஏறி உட்கார்பவர்கள். கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘தி அவுட்லா ஜோஸி வேல்ஸ்’ (1976), குடும்பத்தைப் பறிகொடுத்தவன் பழிதீர்க்கும் கதை. அதை இயக்கத் தொடங்கியவர் பிலிப் காஃப்மன். அவரை நீக்கிவிட்டு ஈஸ்ட்வுட்டே இயக்கினார். அதன் விளைவாக, படத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவர் இயக்குநரை நீக்கி அந்த இடத்துக்கு வரக்கூடாது என்று அமெரிக்க இயக்குநர் சங்கம் விதி கொண்டுவந்தது. அந்த விதிக்கு ஈஸ்ட்வுட்டின் பெயரே நிலைத்துவிட்டது. இவரும் நடித்தியக்குநர்தான் என்பது என் கருத்து. எப்போது பொறுப்பேற்றார் என்பதை விளக்கத்தில் சொல்லலாம்.

சரி, படவகைக்கு வருவோம். ‘பழிவாங்கும் படம்’ என்றால் யாரை என்ற கேள்வி வந்துவிடும். பார்வையாளரைப் பழிவாங்கும் படங்களும் உண்டல்லவா! எனக்குப் பிடித்தது ‘வஞ்சினப் படம்’. புறநானூற்றில் 71, 72, 73 ஆகிய மூன்று பாடல்களும் வஞ்சினக் காஞ்சி. “பகைவரை வெல்லாவிட்டால் எனக்கு இன்னது நேரட்டும்” என்று சூளுரைப்பவை. பூதப்பாண்டியன் மனைவியைப் பிரிய நேரட்டும் என்கிறான். நெடுஞ்செழியன் குடிமக்கள் தன்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாது போகட்டும் என்கிறான். மூன்றாவது நலங்கிள்ளி. மூன்று பாட்டையும் இயற்றியவர்கள் அந்த அரசர்களே. சினம் கொண்டவனும் அதைப் பாட்டாகக் கட்டியவனும் ஒருவனே. பழிவாங்கும் கதையைத் தானே நடித்துத் தானே இயக்குபவருக்குத் தமிழில் இதைவிடப் பழைய முன்னோடியை எங்கே தேடுவது?

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

—

ஐயா,

நடித்தியக்குநருக்கு என் வாக்கு உண்டு. வஞ்சினத்துக்கு இல்லை. முதல் காரணம், அது போருக்கு முன் சொல்லும் சொல். பழியை முடிப்பதன் பெயர் அன்று. பல படங்களில் நாயகன் ஒன்றுமே சொல்லாமல்தான் கிளம்புகிறான், கடைசிவரை வாய் திறக்காதவனும் உண்டு. இரண்டாவது, அரசர்களின் சூள் நாட்டுக்கும் மானத்துக்குமானது. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவனின் பழி வேறு. ‘பழிதீர்ப்புப் படம்’ என்றால் எந்தப் படத்துக்கும் பொருந்தும், படிப்பவருக்கு உரையும் தேவைப்படாது. முன்னோடி அழகாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லை வளைக்க வேண்டாம்.

இன்னொன்று. நடிகர், நடிகை என்று பிரிப்பதுபோல இதையும் பிரிக்கச் சொல்லி யாரும் வந்துவிடக் கூடாது. ‘-நர்’ இருபாலுக்கும் பொது. டி.பி. ராஜலட்சுமி 1936-இல் ‘மிஸ் கமலா’வை இயக்கி நடித்தார். பானுமதி 1953-இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியில் இயக்கி இரட்டை வேடத்திலும் நடித்தார். இருவருக்கும் இதே சொல் அப்படியே பொருந்துகிறது. எம்.ஜி.ஆர். பெயரோடு எடுத்துக்காட்டில் இவர்களையும் சேருங்கள்.

—

அம்மா,

படவகைக்கு நீங்கள் சொன்னதே இருக்கட்டும், ‘பழிதீர்ப்புப் படம்’. வஞ்சினத்தை விட மனமில்லை, அதனால் அதற்குச் சின்ன இடம் கேட்கிறேன். நாயகன் வெளிப்படையாகச் சபதம் எடுக்கும் காட்சியை ‘வஞ்சினக் காட்சி’ என்று குறிப்போம். திரைக்கதை எழுதுபவர்கள் இப்போது ‘சபத சீன்’ என்கிறார்கள், அவர்களுக்கு உதவும். பதிவின் வரைவு இது:

நடித்தியக்குநர்: தான் இயக்கும் படத்தில் தானே முதன்மை வேடம் ஏற்பவர். குறிப்பிட்ட படத்தைச் சுட்டியே வழங்கும். சிறு தோற்றத்தில் வரும் இயக்குநருக்குப் பொருந்தாது. இடையில் இயக்கப் பொறுப்பேற்றவருக்கும் பொருந்தும். இருபாற்பொது. வினை: நடித்தியக்கு.

‘முதன்மை வேடம்’ என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். நாயகன் வேறொருவராக இருக்க, படத்தை இயக்குபவர் வில்லனாகப் படம் முழுக்க வந்தால் அவரை இதில் சேர்ப்பதா, விடுவதா? பழிதீர்ப்புக் கதையில் வில்லனுக்கும் பாதிப் படம் உண்டு. சேர்க்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. மறுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிட்டால் திங்களன்று பட்டியலில் ஏற்றிவிடலாம்.