டிரெய்லர் மாட்டிய பிக்கப்: பட்டை கூட்டியதும் குறைத்ததும்

தக்கலை உறுப்பினர்:

திருவிழாக்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது எங்கள் குடும்பத் தொழில். ஒலித்தடுப்புக் கூடு போட்ட 62.5 கேவிஏ இயந்திரத்தை ஓர் அச்சு டிரெய்லரில் ஏற்றி, பிக்கப்பின் பின்னால் உள்ள கொக்கியில் மாட்டி, மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காடு கொடை, இடையில் கோவில் கொடைகளும் பங்குத் திருவிழாக்களும் என்று ஆண்டு முழுவதும் இழுத்துக்கொண்டு திரிகிறோம். இந்த வண்டியின் சஸ்பென்ஷனைச் சரிசெய்யப் போய் நான் செய்த தவற்றையும், பிறகு அதைத் திருத்திய விதத்தையும் எழுதுகிறேன்.

டிரெய்லரை மாட்டியவுடன் பிக்கப்பின் பின்பக்கம் நான்கு விரற்கடை தாழ்ந்துவிடும். சமதளத்தில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறினால், ஒவ்வோர் இணைப்பிலும் முன்பக்கம் எழும்பி விழுந்து, அந்த ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த இணைப்பு வந்துவிடுவதால், பாலம் முடியும்வரை தலையாட்டிப் பொம்மைபோலவே போக வேண்டியிருந்தது. டேஷ்போர்டில் வைத்திருந்த ரசீதுப் புத்தகம் குழித்துறை வருவதற்குள் மூன்று முறை என் மடியில் விழுந்திருக்கிறது. அதைவிட அச்சமூட்டியது ஸ்டீயரிங்தான். மழை பெய்த ஓர் இரவில் அழகியமண்டபம் அருகே வளைவில் திருப்பியபோது, சக்கரம் திரும்பியும் வண்டி ஒரு கணம் நேராகவே வழுக்கிச் சென்றது.

பின்பக்கம் தாழ்கிறது என்றால், அச்சின் மேல் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் பலவீனம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படியே நினைத்தேன். ஒரு பட்டறையில் கொடுத்து, ஏற்கெனவே இருந்த 8 மி.மீ. பட்டைகள் ஐந்தோடு 10 மி.மீ. பட்டைகள் இரண்டை ஒவ்வொரு பக்கத்திலும் சேர்த்துக் கட்டச் சொன்னேன். ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பது அன்று எனக்குத் தெரியாது. 10 மி.மீ. பட்டை ஒன்று 8 மி.மீ. பட்டை இரண்டுக்கு ஏறக்குறையச் சமம். ஆக, ஐந்து பட்டைக் கட்டு ஒன்பது பட்டைக் கட்டாக மாறிவிட்டது. பின்பக்கம் தாழ்வது நின்றது. ஆனால் டிரெய்லர் இல்லாமல் வீடு திரும்பும்போது காளை வண்டியே தேவலை என்றாகிவிட்டது. ஷாக் அப்சர்பர் இரண்டும் நான்கே மாதத்தில் எண்ணெய் கசிந்தன. ஜெனரேட்டரைத் தாங்கும் ரப்பர் மெத்தை ஒன்று கிழிந்தது. இவ்வளவுக்கும் பிறகு மேம்பாலத்தில் தலையாட்டம் குறையவே இல்லை. வேகமான ஆட்டமாக மாறியிருந்தது, அவ்வளவுதான். ஸ்பிரிங் விறைப்பாக விறைப்பாக, அது திருப்பியடிப்பதை அடக்க ஷாக் அப்சர்பருக்கும் கூடுதல் வலு வேண்டும். நான் ஒன்றைக் கூட்டிவிட்டு மற்றதைப் பழையபடியே விட்டிருந்தேன்.

அதன்பின் பார்வதிபுரத்தில் வயதான மேஸ்திரி ஒருவரிடம் போனேன். அவர் வண்டிக்கு அடியில் குனியக்கூட இல்லை. “பட்டை கிடக்கட்டும் அண்ணாச்சி, கொக்கியிலே எவ்வளவு பாரம் இறங்குதுன்னு நிறுத்துட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார். எடைமேடையில் முதலில் பிக்கப்பைத் தனியாக, முன்னச்சு, பின்னச்சு என்று பிரித்து நிறுத்தோம்: முன்னால் 880 கிலோ, பின்னால் 830 கிலோ. பிறகு டிரெய்லரை மாட்டி, அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே நிற்கும்படி வைத்து, மறுபடியும் அதேபோல் நிறுத்தோம்: முன்னால் 740, பின்னால் 1,320. மொத்தம் 350 கிலோ கூடியிருந்தது. அதுதான் கொக்கியில் இறங்கும் மூக்குப் பாரம். எங்கள் டிரெய்லரின் எடை 1,840 கிலோ. அதில் 10 முதல் 15 விழுக்காடு மூக்கில் இறங்கினால் போதும். எனக்கு இறங்கியது 19 விழுக்காடு.

அந்த எடைச் சீட்டில் இன்னொன்றும் இருந்தது. கொக்கி, பின்னச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர். எனவே கொக்கியில் 350 கிலோ இறங்கும்போது, நெம்புகோல்போல் முன்னச்சிலிருந்து 140 கிலோ தூக்கப்பட்டு, பின்னச்சில் 490 கிலோ ஏறுகிறது. அழகியமண்டபத்தில் ஸ்டீயரிங் பேச்சுக் கேட்காததன் காரணம் அந்த 140 கிலோ. பின்னால் எத்தனை பட்டை கூட்டினாலும் அந்தப் பாரம் முன்னச்சுக்குத் திரும்பி வராது. பின்பக்கம் உயர்ந்து நிற்கும், கண்ணுக்குச் சமமாகத் தெரியும், அவ்வளவே.

டிரெய்லரின் மேல் ஜெனரேட்டரை 20 செ.மீ. பின்னுக்குத் தள்ளிப் போல்ட் போட்டோம். மூக்குப் பாரம் 250 கிலோவாகக் குறைந்தது. முன்னச்சில் 780, பின்னச்சில் 1,180. பிக்கப்பின் வால்பலகையை ஒட்டி அடுக்கியிருந்த கேபிள் சுருள்களைக் கேபினை ஒட்டி மாற்றினோம். இவ்வளவுக்குப் பிறகே மேஸ்திரி பட்டைக்கு வந்தார்: 10 மி.மீ. பட்டைகளைக் கழற்றிவிட்டு, 8 மி.மீ. பட்டை ஒன்றை மட்டும் சேர்த்தார். அதனால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. பட்டை முனைகளில் தேய்ந்திருந்த புஷ் எனும் உருளை உறைகளை மாற்றி, கேஸ் நிரப்பிய ஷாக் அப்சர்பர்களைப் பொருத்தி, ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும், பட்டைக் கட்டை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டுகளை மறுபடியும் முறுக்க வரச் சொன்னார். சொன்னபடி போனபோது ஒவ்வொன்றும் கால் சுற்று இறங்கியது. மேம்பாலத்தில் இப்போது ஒரு முறை எழும்பி அமர்கிறது; இரண்டாவது ஆட்டம் இல்லை.

குளச்சல் உறுப்பினர்:

அண்ணாச்சி, நான் இழுப்பது ஃபைபர் வள்ளம். பிக்கப்பில் பல நாள் சுமையே இருக்காது, சில நாள் வள்ளமும் எஞ்சினும் வலையும் சேர்ந்து வரும். இப்படி ஏறி இறங்கும் பாரத்துக்கு நிரந்தரமாகப் பட்டை கூட்டுவது பொருந்தாது என்று, அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே காற்றுப்பைகளைப் போட்டேன். வெறும் வண்டிக்கு 8 பிஎஸ்ஐ காற்றழுத்தம், வள்ளம் மாட்டினால் 35 வரை ஏற்றுகிறேன். வெறும் வண்டியிலும் காற்றை முழுவதும் இறக்கிவிட்டால் பை மடிந்து உராய்ந்து கிழியும். இரண்டு பைகளுக்கும் தனித்தனி வால்வு வைத்தது நான் செய்த நல்ல காரியம். ஒரே குழாயில் இணைத்தால், வளைவில் அழுந்தும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும்.

எனக்குத் தொல்லை கொடுத்தது உப்புக் காற்று. கடற்கரையில் ஓடும் வண்டியில் பட்டைகளுக்கு நடுவே துருப்பிடித்து, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முடியாமல் ஒரே கட்டையாகிவிடும். ஒரு வருடம் நான் காற்றுப்பையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டைக் கட்டைப் பிரித்தபோது சுத்தியல் அடிக்குத்தான் பட்டைகள் விலகின. சுரண்டித் துடைத்து, கிராஃபைட் பூசி, நுனிகளில் இருந்த மெத்தைகளை மாற்றியதும் பாதிக் குலுக்கல் போய்விட்டது. இப்போது கரையிலிருந்து ஏறியதும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவாமல் வீட்டுக்குப் போவதில்லை.

தோவாளை உறுப்பினர்:

மூக்குப் பாரத்தைக் குறைக்கச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் அளவு மீறிக் குறைத்த கதை என்னுடையது. கட்டுமானத்துக்கான ஏர் கம்ப்ரஸரை, பிக்கப் தாழாமல் நிற்கட்டும் என்று டிரெய்லரின் பின்கோடிக்கே தள்ளிவிட்டேன். கொக்கியை ஒரே ஆள் தூக்கி மாட்ட முடிந்தது. அதில் எனக்குப் பெருமை வேறு. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தபோது, முப்பந்தல் காற்றாலைகளுக்குப் பக்கத்தில் காற்று விலாவில் அடித்ததும் டிரெய்லர் வால்போல் இடமும் வலமும் வீசத் தொடங்கியது. பதற்றத்தில் பிரேக்கை மிதித்தேன், வீச்சு கூடியது. காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறையும்வரை விட்ட பிறகே அடங்கியது. திரும்பி வந்து நிறுத்தபோது மூக்குப் பாரம் 5 விழுக்காடுகூட இல்லை. பின்சக்கர டயர்களிலும் காற்று குறைவாக இருந்தது. பக்கச் சுவர் நெளியும் டயரை எந்தப் பட்டையும் சரிக்கட்டாது.

குலசேகரம் உறுப்பினர்:

ரப்பர் தோட்டச் சரிவுகளில் இறங்குபவன் என்ற முறையில் ஒன்று கேட்க வேண்டும். பின்பக்கத்தை உயர்த்தியபின் யாருக்காவது பிரேக் மாறியதா? பட்டை கூட்டிய பிறகு, பாரத்தோடு இறங்கும்போது என் முன்சக்கரங்கள் மட்டும் சூடேறி வாடை வந்தது.

தக்கலை உறுப்பினர்:

எனக்கும் வந்தது, மேலே எழுத விட்டுப்போயிற்று. நம் பிக்கப்கள் பலவற்றில் பின்னச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பி, ஒரு வால்வோடு இணைந்திருக்கும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்தே பாரத்தை அறிந்து, பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை அது கூட்டும் அல்லது குறைக்கும். நாம் பட்டையோ காற்றுப்பையோ போட்டு உயர்த்திவிட்டால், வண்டி காலியாக இருக்கிறது என்று எண்ணி அது பின் பிரேக்கைக் குறைத்துவிடுகிறது. கம்பியின் அளவைத் திருத்தி வைக்கும் வேலையைக் கம்பெனி கையேட்டின்படி செய்யத் தெரிந்த இடத்தில் மட்டும் கொடுங்கள்; கம்பியை வளைத்துக் கட்டிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். கூடவே ஹெட்லைட்டின் கோணத்தையும், பாரம் ஏற்றிய நிலையில், சுவரில் அடித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

பட்டை கூடியதால் ஆர்சி புத்தகத்தில் உள்ள எடை வரம்பு கூடிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வரம்பு மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். கழற்றிய 10 மி.மீ. பட்டைகள் நான்கும் எங்கள் கொட்டகையில்தான் கிடக்கின்றன. டிரெய்லரின் சக்கரத்துக்கு முட்டு கொடுக்க மிகவும் பயன்படுகின்றன.