பொம்பேயா, ஓஸ்தியாவா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

அக்டோபரில் அம்மாவும் நானும் மூன்று நாள் ரோமில் இருப்போம். கொலோசியம், ஃபோரம், பாலத்தீன் குன்று மூன்றுக்கும் ஒரே டிக்கெட், அதற்கு ஒரு நாள் ஒதுக்கியாயிற்று. குழப்பம் மறுநாளைப் பற்றித்தான்.

கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் வழிகாட்டியோடு ஒருநாள் சுற்றுலா என்றால் பேருந்திலேயே போக வர ஐந்தாறு மணி நேரம் ஓடிவிடும். அப்புறம் அந்தக் கரடுமுரடான கல் தெருக்கள்! அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. பழைய துறைமுக நகரமான ஓஸ்தியா ஆன்டிகா ரயிலில் அரை மணி நேரம்தான். அரங்கு, குளியல் கூடம், மொசைக் தரை எல்லாம் அங்கேயும் உண்டு. அதுவே போதுமா?

நேப்பிள்ஸ் வரை வேக ரயிலில் போய், பொம்பேய் வாசலில் வழிகாட்டியை அமர்த்திக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? வயதானவர்களோடு போனவர்கள், எவ்வளவு நடக்க வேண்டியிருந்தது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.